பகா எண்ணாக நான் வாழ்ந்த பதினொரு ஆண்டுகள்

ஒவ்வொரு மனிதனுக்கும் தன்னைப் பற்றி ஒரு ரகசியப் பெருமை இருக்கும். சிலருக்குத் தலைமுடி, சிலருக்குக் குரல். என் சித்தப்பாவுக்கு, வாழ்நாளில் ஒரு போக்குவரத்து சம்மன்கூட வாங்காமல் கார் ஓட்டுகிறோம் என்பதில் அப்படி ஒரு பெருமை. (காரை அவர் வெளியில் எடுப்பதே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் என்பது வேறு விஷயம்.) எனக்கிருந்த பெருமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சொல்லித்தான் மாட்டிக்கொண்டேன். நான் ஒரு பகா எண் என்று பதினொரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பகா எண் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். ஏழு, பத்தொன்பது, தொண்ணூற்றேழு மாதிரி. தொண்ணூற்றொன்றும் பார்க்க அப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டிருக்கும், ஆனால் ஏழால் வகுபட்டுவிடும். மலேசியாவில் எங்கள் எல்லோருக்கும் அடையாள அட்டையில் பன்னிரண்டு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. ஐசி நம்பர் என்போம். பெயரை மறந்தாலும் மறப்போம், ஐசி நம்பரை மறக்க மாட்டோம். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், மிச்சம் நான்கு அரசாங்கம் பார்த்துக் கொடுப்பது. அந்தக் கடைசி நான்கிலும் கடைசி இலக்கத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆண் என்றால் ஒற்றைப்படை, பெண் என்றால் இரட்டைப்படை. இந்தக் கடைசித் தகவலால்தான் எனக்குக் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

பதினேழு வயதில் பள்ளிக் கணினி அறையில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஓர் எண்ணைக் கொடுத்தால் அது பகா எண்ணா இல்லையா என்று சொல்லும். தொண்ணூற்றேழைக் கொடுத்தேன், பகா எண் என்றது. தொண்ணூற்றொன்றைக் கொடுத்தேன், இல்லை என்றது. கெட்டிக்கார புரோகிராம்தான். அடுத்து நடுவிலிருக்கும் கோடுகளை எடுத்துவிட்டு என் ஐசி நம்பரை ஒரே எண்ணாகத் தட்டினேன். தொள்ளாயிரம் பில்லியனுக்கும் மேலான எண். திரையில் ‘பிரைம்’ என்று வந்தது. அந்த உயரத்தில் ஏறக்குறைய இருபத்தேழு, இருபத்தெட்டு எண்களுக்கு ஒன்றுதான் பகா எண்ணாக இருக்கும். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் நடந்த நடையே வேறு. கிரிக்கெட் அணியில் சேர்க்காவிட்டாலும் கவலையில்லை. ஒரு பெண்ணும் திரும்பிப் பார்க்காவிட்டாலும் கவலையில்லை. (பகா எண் தனியாகத்தான் நிற்கும்லா!) படித்து முடித்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். அந்தப் பழைய புரோகிராமை அப்படியே கைப்பேசியிலும் ஓடும்படி செய்து வைத்துக்கொண்டேன். மனம் சோர்ந்த நாட்களில் என் நம்பரைத் தட்டிப் பார்ப்பேன். பிரைம் என்று வரும். தெம்பாக இருக்கும்.

இருபத்தெட்டாவது வயதில் மீனாவைச் சந்தித்தேன். பிலோமினா என்பது சர்ச்சில் வைத்த பெயர், மீனா என்பது வீட்டில். ஒரு நண்பனின் கல்யாண விருந்தில் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தது. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கன்டெய்னர் நம்பர்களைச் சரிபார்ப்பதுதான் நாள் முழுக்க அவளுடைய பிழைப்பு. “கன்டெய்னர் நம்பர்ல கடைசி இலக்கம் எதுக்குத் தெரியுமா? மத்த இலக்கமெல்லாம் சரியான்னு செக் பண்ண. ஒண்ணு மாறுனாலும் எனக்குத் தெரிஞ்சிரும்” என்றாள். கடைசி இலக்கத்தைப் பற்றி ஒரு பெண் என்னிடம் தானாகவே பேசியது அதுதான் முதல் முறை. அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். நான்கு மாதம் சுபாங் ஜெயாவில் வாராவாரம் சந்தித்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்தோம். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்தேன். ஆச்சரியம், அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவள் அப்பா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

என் ஐசி நம்பரின் மகத்துவத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. ஒரு நல்ல சமயத்துக்காக வைத்திருந்தேன். பத்திரப்படுத்தி வைத்துப் பத்திரப்படுத்தி வைத்து, கடைசியில் அதை எங்கே எடுத்தேன் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, சாலாக் செலாத்தானில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அம்மாவும் நானும் எங்கள் பழைய காரில் ஒரு டப்பா லாப்பிஸ் கேக்குடன் கிள்ளானுக்குப் போனோம். மீனாவின் அப்பா அருளப்பன், ரயில்வேயில் சிக்னல் கேபினில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சத்தமாகப் பேசாதவர், எதையும் இரண்டு முறை பார்ப்பவர். வீட்டில் இன்னொரு முக்கியமான ஆள் அவருடைய அக்கா மேரி. மீனாவுக்கு அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட, அவளை வளர்த்தவர் இந்த அத்தைதான். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சம்பளம் கேட்டார்கள், சொன்னேன். குடிப்பியா என்றார்கள், தே தாரிக் என்றேன், சிரித்தார்கள். அருளப்பன் அங்கிள் எழுந்து போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தபோது அம்மாவின் முகம் மலர்ந்தது. சர்ச்சில் கல்யாணம் வைப்பதற்கு முன்பு அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விண்ணப்பப் பாரம்! கூடவே மீனாவின் ஐசி போட்டோஸ்டேட். என்னுடையதையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் ஐசி நகலை யாரும் வெறுமனே கொடுக்க மாட்டோம். யாராவது அதை வைத்து வேறு காரியம் செய்துவிடக்கூடாது என்று குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் எந்தக் காரியத்துக்கு என்று எழுதிவிடுவோம். அங்கிள் ஸ்கேலை வைத்து என் நகலின் மேல் அளந்து கோடு போட்டார். ‘திருமணப் பதிவுக்கு மட்டும்’ என்று மலாயில் அழகாக எழுதினார். அடுத்தது மீனாவின் நகல். அதிலும் இரண்டு கோடு விழுந்துவிட்டால் என் காரியம் முடிந்தது.

“தம்பி, உங்க நம்பரச் சொல்லுங்க, பாரத்துல எழுதிக்கிறேன்” என்றார்.

சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

“அங்கிள், அந்த நம்பர்ல ஒரு விசேஷம் இருக்கு.”

மேசைக்கு அடியில் அம்மாவின் கால் என் கால்மேல் ஏறியது.

“என்ன விசேஷம் தம்பி? லாட்டரி அடிச்சிச்சா?”

“அது ஒரு பகா எண், அங்கிள்.”

பிறகு நான் பேசியதைப் பேச்சு என்று சொல்ல முடியாது, ஒரு முழு டியூஷன் வகுப்பு. பகா எண் என்றால் என்ன, அது ஏன் அபூர்வம், எண்கள் பெரிதாகப் பெரிதாக அவை எப்படி அருகிப்போகின்றன, இருந்தும் ஏன் தீர்ந்துபோவதே இல்லை, எல்லாம் சொன்னேன். மீனா நடுவில் ஒரு முறை, “கிளமெண்ட், கேக் சாப்பிடுங்க” என்றாள். எனக்குப் பசிக்கவில்லை என்று பதில் சொன்னேன். அவள் கேக்கைப் பற்றிப் பேசவில்லை என்பது இப்போது புரிகிறது.

மேரி அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “அப்ப எங்க மீனா நம்பரு?”

“அது முடியாது ஆன்டி” என்றேன், ரொம்பக் கனிவாக. “பொம்பளைங்க நம்பர் எல்லாமே இரட்டைப்படைலதான் முடியும். இரட்டைப்படைன்னா ரெண்டால வகுபட்டுரும். அதனால இந்த நாட்டுல எந்தப் பொம்பளையும் பகா எண்ணா இருக்கவே முடியாது. ஆம்பளைங்களுக்கு மட்டுந்தான் அந்த சான்ஸ்.”

சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறு. அத்தை கேக் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

“முப்பத்திரண்டு வருஷம் வார்டு பார்த்தேன்” என்றார் அத்தை. “பெரிய பெரிய டாக்டருங்களே நான் உள்ள வந்தா எந்திரிச்சு நிப்பாங்க. என்னை யாரு தம்பி ரெண்டால வகுத்தது?”

“நான் இல்ல ஆன்டி. அரசாங்கம்.”

(உண்மைதான். உண்மை சோறு போடும், பெண் கொடுக்காது.)

“எங்க, அந்த போனுல என் நம்பரப் போடு, பாப்போம்.”

தட்டினேன். ‘பிரைம் இல்லை’ என்று வரும், அதை அவரிடம் மரியாதையாகக் காட்டி, கணிதத்துக்கு ஆண் பெண் பார்க்கத் தெரியாது என்று ஒரு நல்ல வாக்கியம் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். விடை வந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தேன். பக்கத்திலிருந்த மீனா அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

“பிரைம்னு வந்திருக்கு” என்றாள்.

அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பார்த்தியா!”

நம்பரைத் தப்பாகத் தட்டியிருப்பேன் என்று மறுபடியும் தட்டினேன். மறுபடியும் பிரைம். அம்மாவின் நம்பரைப் போட்டேன். பிரைம். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். “என்னுதையும் போடுங்க தம்பி” என்றார் அங்கிள். பிரைம். மீனாவுடையது, சொல்ல வேண்டுமா, பிரைம். பதினொரு வருடமாக நான் தனியாக நின்ற சிகரத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு குடும்பமே ஏறி நின்றது.

அங்கிள் பேனாவைக் கீழே வைக்காமலேயே கேட்டார். “ரெண்டால வகுபடும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா அங்கிள்.”

“போன் வகுபடாதுன்னு சொல்லுது.”

“ஆமா அங்கிள்.”

“அப்ப ரெண்டு பேருல யாரு பொய் சொல்றது?”

மீனா போனை என் கையிலிருந்து வாங்கினாள். ஒன்றைத் தட்டினாள், பின்னால் வரிசையாகப் பதினொரு பூஜ்யம் தட்டினாள். நூறு பில்லியன்! பிரைம் என்று கூசாமல் சொன்னது அந்தப் பாழாய்ப்போன புரோகிராம்.

“இது பத்தாலகூட வகுபடாதா லா?” என்று கேட்டாள்.

மற்றவர்கள் விஷயத்தில் புரோகிராம் உளறலாம், என் விஷயத்தில் சரியாகத்தான் சொல்லியிருக்கும் என்று கடைசி நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். மீனா தன் போனில் கால்குலேட்டரை எடுத்தாள். பாரத்தில் இருந்த என் நம்பரை ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்துத் தட்டினாள். மூன்றால் வகுத்தாள், இல்லை. ஏழு, இல்லை. பதினொன்று, இல்லை. எனக்கு மூச்சு வந்தது. பதின்மூன்றால் வகுத்துப் பார்த்தவள், திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அப்பாவின் பேனாவை வாங்கி, என் ஐசி நகலைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கையாலேயே நீள வகுத்தல் போட்டாள். துறைமுகத்துக் கை, ஓர் இலக்கம்கூட வரிசை தப்பவில்லை. கடைசியில் மீதி பூஜ்யம் என்று எழுதி, அடியில் கோடிட்டு, என் பக்கம் தள்ளினாள்.

நான் செய்ததை இப்போது நினைத்தாலும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. முதலில், “கணக்குல எங்கயோ தப்பு இருக்கு” என்றேன். எல்லோருக்கும் முன்னால் வரி வரியாகச் சரிபார்த்தேன். தப்பு இல்லை. பிறகு, வருடக்கணக்காக டியூஷன் நோட்டுத் திருத்திய கை அல்லவா, அது பாட்டுக்குப் பேனாவை எடுத்து அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு ‘சரி’ போட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அங்கிள் என்னிடமிருந்து பேனாவை வாங்கி மூடினார். மீனாவின் நகலைக் கோடு போடாமலேயே ஃபைலுக்குள் வைத்தார்.

“தம்பி, மெஷின் தப்பு பண்ணும். எங்க சிக்னலும் பண்ணியிருக்கு. அதுக்குத்தான் மனுஷன உக்கார வச்சிருக்காங்க.” ஃபைலை மூடினார். “பதினோரு வருஷமா வச்சிருக்கீங்க. ஒரு தடவையாவது இன்னொருத்தர் நம்பரப் போட்டுப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே. உங்களத் தவிர வேற யாரையும் பார்க்கவே தோணலியா?”

தோன்றவில்லை என்பதுதான் பதில். ‘ஆண்களுக்கு மட்டுந்தான் சான்ஸ்’ என்று சொன்னவன், வேறோர் ஆணுடைய நம்பரைக்கூடப் போட்டுப் பார்த்ததில்லை.

“யோசிச்சுச் சொல்றோம்” என்றார் அங்கிள். பெண் வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன பொருள் என்பது உங்களுக்கே தெரியும்.

காரில் சுபாங் ஜெயாவைத் தாண்டினோம். “கேக் டப்பாவ வாங்காம வந்துட்டேன்” என்றார் அம்மா. இன்னும் கொஞ்ச தூரம் போனதும், “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுடா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காரை ஓரமாக நிறுத்தி அழும் அளவுக்கு வந்தது. பெருமை போனதற்காக அழுதேனா, மீனா போனதற்காக அழுதேனா என்று அம்மா கேட்டார். மீனாவுக்காகத்தான் என்று சொன்னேன். அன்றைக்கு நான் சரியாகச் சொன்ன ஒரே விடை அதுதான்.

அந்த வாரமே புரோகிராமைப் பிரித்துப் பார்த்தேன். தப்பு சின்னதுதான். எண்ணைப் போட்டு வைக்க நான் ஒதுக்கியிருந்த இடம் பத்திலக்கம்வரைதான் தாங்கும். அங்கே கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647. அதைவிடப் பெரிய எதைக் கொடுத்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த எண்ணையே எடுத்து வைத்துக்கொண்டு சோதித்திருக்கிறது. இந்த எண் சாதாரண எண் இல்லை. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. அது அசல் பகா எண். மின்சாரம் வீட்டுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே ஒரு மனிதர் அதைக் கையாலேயே நிரூபித்துவிட்டார். ஆக, யார் வந்து நின்றாலும் என் புரோகிராம் இந்த ஓர் எண்ணையே சோதித்து, இதனுடைய சான்றிதழையே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறது. பதினொரு வருடம் நான் மார்தட்டிக்கொண்டது வேறோர் எண்ணின் பெருமைக்கு.

இதையெல்லாம் எழுதி மீனாவுக்கு அனுப்பினேன். கடைசி வரியில், “தப்பு புரோகிராமில் கொஞ்சம், என்னிடம் நிறைய. அத்தையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்” என்று எழுதினேன். பதில் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். வகுப்பில் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போதுகூட ஒரு கண் போன்மேலேயே இருந்தது.

ஒன்பதாவது நாள் மத்தியானம், பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. மீனாவிடமிருந்து ஒரு படம். அவளுடைய ஐசி நகலின் பின்பக்கம். அதில் அவளுடைய நம்பர், பதின்மூன்றால் நீள வகுத்தல், அழகான கையெழுத்து. மீதி பூஜ்யம்!

கீழே எழுதியிருந்தாள். “என்னோடதும் பதிமூணால வகுபடுது. செக் பண்ணி டிக் போடுங்க சார்.”

ரசம் ஆறுவதைக்கூடப் பார்க்காமல் அங்கேயே இலை ஓரத்தில் விரலால் போட்டுச் சரிபார்த்தேன். (வாத்தியார் புத்தி. திருந்தாது.) சரிதான். டிக் அனுப்பினேன். அடுத்த நிமிடம் இன்னொரு செய்தி வந்தது.

“அப்பாகிட்ட காட்டுனேன். ரெண்டு தடவ போட்டுப் பார்த்தாரு. இந்த வாரம் வாங்க. முதல்ல அத்தைகிட்ட நீங்களே மன்னிப்பு கேக்கணும், எழுதி அனுப்புறதெல்லாம் செல்லாது. போனை வீட்லயே வச்சிட்டு வாங்க.”

போனேன், போன் இல்லாமல். அத்தை என்னை ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு மன்னித்தார். அங்கிள் ஸ்கேலை எடுத்து மீனாவின் நகலில் இரண்டு கோடு போட்டார்.

கிள்ளான் வீட்டில் இன்றுவரை யாரும் என்னைக் கிளமெண்ட் என்று கூப்பிடுவதில்லை. “பதிமூணு வந்துட்டாரா?”, “பதிமூணுக்கு இன்னும் ரெண்டு இட்லி வை” என்றுதான். அத்தை எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் புது ஆட்களிடம் தன்னை, “நான் பிரைம். எங்க வீட்டு மருமகன் மெஷின் வச்சுச் சொன்னாரு” என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

எங்களுக்கு மகள் பிறந்தபோது, பிறப்புப் பத்திரம் வாங்க நானும் மாமனாரும்தான் போனோம். பத்திரத்திலேயே ஐசி நம்பர் வந்துவிடும். கவுண்டரில் இருந்த பெண் அதை நீட்டியதும் மாமனார் என்னை முந்திக்கொண்டு வாங்கினார். ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த காகிதத்தில் பேனாவால் வகுக்க ஆரம்பித்தார். நான் குனிந்தபோது கையால் மறைத்துக்கொண்டார். ஒரு முறை போட்டார், இன்னொரு முறை போட்டார். பிறகு மீனாவுக்குப் போன் போட்டு, கூடத்தில் வரிசை எண்ணுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, வாழ்க்கையில் முதல் முறையாகச் சத்தமாகப் பேசினார்.

“மீனா, பதிமூணால வகுத்தா மீதி நாலு வருதும்மா! புள்ள தப்பிச்சிருச்சு!”